வலது ஷூ எங்கே?

"அவரால பேச முடியாது. ஆனா பேச முடிஞ்சா என்ன சொல்லுவாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள," என்றார் வக்கீல்.

"இதுக்கு டிடெக்டிவ் எதுக்கு சார்? ஒரு நல்ல மந்திரவாதியாப் பாருங்களேன்," என்றான் ரேடியோ.

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், துப்பறியும் வேலைக்கு வந்தவர். கரும்பலகையை விட்டு வந்தாலும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவில்லை. ரேடியோ அவருடைய உதவியாளன். நாற்பதைத் தாண்டிய ஆள். யாரும் சுவிட்ச் போடாமலே பேச ஆரம்பித்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர்.

மூவரும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தவரை ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த பாதிப் பேருக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வெறுமே 'மாஸ்டர்' என்றாலே அவர்தான். இப்போது வாயில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். எப்போதாவது கண் திறந்தாலும் எதிரில் நிற்பது யாரென்று தெரியவில்லை.

"வலது பாதத்துல சர்க்கரைப் புண்," என்றார் வக்கீல். "அழுகி, விஷம் ரத்தத்துல கலந்துடுச்சு. வீட்டு பாத்ரூம்ல மயங்கி விழுந்து கிடந்திருக்கார். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா பிழைக்க வாய்ப்பு இருக்கு, இல்லேன்னா விடியறதே சந்தேகம்னு சர்ஜன் சொல்றார். இவரால சம்மதம் சொல்ல முடியாது. அப்ப இவருக்காக யாரு சொல்றது? அதுதான் வழக்கு."

"யார் யார் கேக்கறாங்க?"

"ரெண்டு பேர். தங்கை, 'என்னை அவசரக் காப்பாளரா நியமிங்க, நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறேன்'ங்கறாங்க. மகன், 'என்னை நியமிங்க, நான் போட மாட்டேன்'ங்கறார்."

"வேலை செய்யாம இருக்கறதுக்கு மனுப் போட்டு வேலை கேக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்," என்றான் ரேடியோ.

"சிரிக்கற விஷயம் இல்லப்பா. மகன் சொல்ற காரணம் கனமானது. மாஸ்டர்கூட டிரைவிங் ஸ்கூல் நடத்தின பார்ட்னர் ஒருத்தருக்கு விபத்துல ஒரு கால் போயிடுச்சு. அவரைப் பார்க்கப் போன இடத்துல மாஸ்டர், 'இப்படி ஒத்தக் காலோட கிடக்கறதுக்கு, நானா இருந்தா என்னை விட்டுடுங்க, நான் போய்ச் சேர்றேன்னு சொல்லியிருப்பேன்'னாராம். மகன் பக்கத்துல நின்னு கேட்டிருக்கார்."

"நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார் டீச்சர்.

"கட்டில்ல படுத்திருக்காரே, அவர் பக்கம். அவர் சார்பா பேசறதுக்குத்தான் நீதிபதி என்னை நியமிச்சிருக்காங்க. 'தங்கை விருப்பம், மகன் விருப்பம் ரெண்டையும் ஓரமா வைங்க, அந்த மனுஷனோட விருப்பம் எனக்கு வேணும்'னு சொல்லிட்டாங்க. விசாரணைக்குச் சாயங்காலம் இங்கேயே வர்றாங்க."

கண்ணாடிக்கு அப்பால் மாஸ்டரின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"அவர் வீட்டைப் பார்க்கணும்."

*

கதவைத் திறந்தவன் மகன். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சட்டையில் கசங்கல் இல்லை. கண்தான் தூங்கி நாளாயிற்று என்றது. ஹாலில் நாற்காலி நுனியில், எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல மாஸ்டரின் தங்கை உட்கார்ந்திருந்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். அண்ணனின் உடுப்புகள் சிலதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வந்திருந்தார். அத்தையும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்பா எல்லாத்துக்கும் தயாராத்தான் இருந்தார் மேடம்," என்றான் மகன். "மாடியில இருந்த கட்டிலைக் கீழே கொண்டு வந்தார். மாடி ரூமைக் காலி பண்ணிட்டார். உயிரா வெச்சிருந்த சைக்கிளைப் பேப்பர் போடறவர்கிட்ட தூக்கிக் கொடுத்தார். எதுக்குப்பான்னு கேட்டா, 'இனிமே தேவைப்படாது'ன்னார். இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் அத்தையிடம் திரும்பினார்.

"நீங்க கடைசியா இந்த வீட்டுக்கு எப்ப வந்தீங்க?"

"அண்ணி தவறின அன்னிக்கு. அண்ணனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. அதோட பேச்சுவார்த்தை இல்லை. இப்பத்தான் வர்றேன்." அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாஸ்டர் விழுந்து கிடந்த பாத்ரூமைப் பார்க்கலாமா?"

நான்கு பேரும் போனார்கள். ரேடியோ கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கதவைக் கேட்டான்.

"தள்ளுங்க," என்று அத்தை முன்னால் வந்தார். கைப்பிடியை இலேசாக மேலே தூக்கி, இடுப்பால் ஓர் இடி. கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

"இந்தக் கதவு எப்பத்திலேருந்து இப்படி?" என்று டீச்சர் மகனிடம் கேட்டார்.

"போன மழையில இறங்கிடுச்சு. சரி பண்ணணும்னு..." மகன் பாதியில் நிறுத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

டீச்சரின் குரலில் வகுப்பறை வந்தது. "அண்ணி தவறினதுலேருந்து நீங்க வராத வீட்டுக் கதவு, போன மழைக்குப் பழுதான கதவு, உங்க பேச்சை மட்டும் கேக்குதே?"

அத்தையின் கை கைப்பிடியிலிருந்து விலகியது.

"வந்திருக்கீங்க. இவர் கடையில இருக்கற நேரமாப் பார்த்து, ஒரு தடவை இல்ல, பல தடவை. எதுக்கு வந்தீங்க? அதை ஏன் மறைக்கணும்? யாருக்கும் தெரியாம வந்து போற வீட்டுல அடுத்தது காப்பாளர் பதவி. நல்ல ஏற்பாடு!"

"வந்தேன்," என்றார் அத்தை. அவ்வளவுதான். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். உடுப்புப் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"எனக்குத் தெரியும் மேடம், இதுல ஏதோ இருக்குன்னு," என்றான் மகன்.

டீச்சர் வக்கீலுக்குப் போன் போட்டுச் சொன்னார். ஒரு கணக்கு விடையோடு முடிந்த நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. அப்புறம், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுபோல, மாஸ்டரின் அறையில் இருந்த ஷூ அலமாரியைத் திறந்தார்.

பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூக்கள், இரண்டு தட்டு நிறைய. ரேடியோ ஒன்றை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

"டீச்சர், அத்தனையும் இடது கால். ஒரு வலதுகூட இல்ல."

மகன் குனிந்து பார்த்தான். "நான் இந்த அலமாரியைத் திறந்ததே இல்லை. புண்ணு வந்ததுலேருந்து அப்பா வெறும் செருப்புத்தான் போட்டுக்கறார்."

"உங்கத்தை எடுத்துட்டுப் போயிருப்பாங்களோ?" என்று ரேடியோ தாடையைச் சொறிந்தான். "ஆனா வலது ஷூவை மட்டும் எடுத்து அந்தம்மா என்ன பண்ணும்? திருடறதுலயும் ஒரு நியாயம் வேணாமா?"

டீச்சருக்குள் எங்கேயோ ஒரு முள் தைத்தது. விடை வந்துவிட்ட கணக்கில் ஒரு எண் மிச்சம் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து ஷூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு, பழுப்பு, கறுப்பு. நடுவே கிளிப்பச்சை நிறத்தில் ஒரு விளையாட்டு ஷூ. அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட இன்னொன்று.

"இதெல்லாம் உங்கப்பா போடுவாரா?"

மகன் தலையை ஆட்டினான். "சான்ஸே இல்லை. இந்தக் கலரை யாராவது போட்டிருந்தாலே சிரிப்பார். ஆனா சைஸ் அப்பா சைஸ்தான்."

"அப்ப ஷூ இங்கேயிருந்து போகவும் செஞ்சிருக்கு, இங்கே வரவும் செஞ்சிருக்கு. திருட வர்றவன் எதையும் வெச்சுட்டுப் போக மாட்டான்." டீச்சர் எழுந்தார். "உங்கப்பாவோட பார்ட்னருக்குப் போனது எந்தக் கால்?"

மகன் யோசித்தான். "இடது."

ரேடியோ மெதுவாகச் சொன்னான்: "அவருக்கு வலது ஷூ மட்டும் போதும். இவருக்கு..."

"அவர் எங்கே இருக்கார்?"

"தெரியாது மேடம். அப்பா அந்த வார்த்தை சொன்னப்ப பார்ட்னர் மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கறார்னு நெனச்சோம். தூங்கலை. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதே இல்லை. வீட்டையும் மாத்திட்டுப் போயிட்டார்."

"உங்கப்பா எப்பவாவது தனியா வெளியே போவாரா?"

"புதன்கிழமை மத்தியானம் போவார்னு எதிர்வீட்டுல சொன்னாங்க. எங்கேன்னு நான் கேட்டதில்லை."

*

வீட்டு வாசலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். சைக்கிளைக் கொடுத்துவிட்டவர், கால் புண்ணோடு வேறு எப்படிப் போயிருப்பார்?

வந்த முதல் பஸ்ஸின் முன்படியில் ஏறி, ரேடியோ டிரைவரிடம் மாஸ்டரைப் பற்றிக் கேட்டான். டிரைவர் அனிச்சையாக முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மாஸ்டரா? எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். புதன்கிழமை அவர் ஏறினா எனக்கு பிரேக் போடவே பயம். ஒரு தடவை கொஞ்சம் குலுங்கிடுச்சு. இறங்கறப்ப, 'லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடறியா?'ன்னார்."

"எங்கே இறங்குவார்?"

"கடைசி ஸ்டாப். செயற்கைக் கால் செஞ்சு கொடுக்கற இடம் இருக்கே, அது வாசல்ல. யாரையோ பார்க்கப் போறார்னு நெனச்சேன்."

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் பாதி வழி போனபோது வக்கீலின் அழைப்பு வந்தது.

"டீச்சர், தங்கை மனுவை வாபஸ் வாங்கறேங்கறாங்க. 'நான் காப்பாளரா இருக்க லாயக்கில்லாதவ, அந்தம்மா சொன்னது சரிதான்'னு சொல்லிட்டு வராண்டாவுல உட்கார்ந்திருக்காங்க. இனி மகன் ஒருத்தர்தான். அவர் கையெழுத்துப் போட மாட்டார். முடிஞ்சது கதை."

டீச்சர் போனை மடியில் வைத்தார். வெற்றி பெற்றவரின் முகமாக அது இல்லை. ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

*

செயற்கைக் கால் கூடம் நீளமானது. சுவரோரம் இரட்டைக் கம்பிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு நடை பழகுபவர்கள். நடுவில் நின்று ஓர் ஆள் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். இடது பக்கம் கால்சட்டைக்குக் கீழே உலோகக் கால், அதன் முனையில் வெறும் ரப்பர் பாதம். வலது காலில் பழுப்புத் தோல் ஷூ. முகம் பார்க்கலாம் போன்ற பாலிஷ்.

"ஷூ நல்லா இருக்கே சார். ஜோடி எங்கே?" என்றான் ரேடியோ.

"ஜோடி என் சிநேகிதன் வீட்டுல. நீ யாருய்யா?"

சொன்னார்கள். பார்ட்னர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"நாலஞ்சு தடவை கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. பயந்து ஓடிட்டான்னு நெனச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"அவர் விழுந்தப்ப போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சாம்," என்றார் டீச்சர். "சார், உங்களைப் பத்தி அவர் சொன்ன அந்த வார்த்தை..."

"கேட்டேனே. கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டேன்." பார்ட்னர் பெஞ்சில் உட்கார்ந்தார். "போன வருஷம் ஒரு புதன்கிழமை அந்த வாசல்ல வந்து நிக்கறான். உள்ளே வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறான். நானும் கூப்பிடலை. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் நானே போனேன். 'எனக்கும் இந்தக் கால் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்டா. எப்படி வாழறதுன்னு சொல்லிக் கொடு'ன்னான். மன்னிப்புங்கற வார்த்தை அவன் வாயில வரவே இல்லை. முகத்துல வந்துடுச்சு."

"சொல்லிக் கொடுத்தீங்களா?"

"சும்மா விடுவேனா? முதல் நாளே முதுகுல எல் போர்டு மாட்டினேன். ஊருக்கே வண்டி கத்துக்கொடுத்தவன், எல் போர்டோட ஊன்றுகோல் பிடிச்சு, வலது காலை மடக்கிக் கட்டிக்கிட்டு இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடந்தான். விழுந்தான். எழுந்தான். கட்டிலைக் கீழே இறக்குன்னேன், இறக்கினான். மாடியைக் காலி பண்ணு, சைக்கிளைக் கொடுத்துடுன்னேன், செஞ்சான்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். சாகத் தயாராகிறார் என்று மகன் அடுக்கிய ஒவ்வொன்றும் வாழத் தயாரானதற்கான அடையாளம்.

"ஷூ?"

"அவன்தான் ஒருநாள் பை நிறைய வலது ஷூவைக் கொண்டாந்து கொட்டினான். 'எனக்கு இனி எதுக்கு? நீ போடு'ன்னான். என் இடது ஷூவெல்லாம் வீட்டுல சும்மாக் கிடந்துச்சு, அதை அவனுக்குக் கொடுத்தேன். 'ரெண்டு பேரும் சேர்ந்தா முழு டிரைவர்டா. உன் கால் கிளட்ச், என் கால் பிரேக்கு'ன்னேன். இந்தக் கூடமே சிரிச்சுது. அப்ப அவன் சொன்னான், இதோ இவங்க எல்லாரும் கேட்டாங்க: 'கால் போகட்டும். நான் போக மாட்டேன்.'"

"அப்புறம் ஏன் ஆபரேஷன் பண்ணிக்கலை?"

"மகன் புதுசா இன்னொரு கண்ணாடிக் கடை திறக்கறானாம். அது முடியட்டும்னான். 'அவன் முன்னாடி பெரிய இவனாட்டம் பேசிட்டேன், இப்ப எந்த முகத்தோட போய் என் காலை எடுக்கணும்னு சொல்றது'ன்னு கூச்சம் வேற. அதுவரைக்கும் தங்கச்சிதான் பாவம், மகன் இல்லாத நேரமா வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுட்டுப் போவா. மகன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். ஆபரேஷன் யோசனையை அவகிட்டயும் சொல்லலை. அழுவான்னு."

பாத்ரூம் கதவு. புண் கழுவத் தண்ணீர் எடுக்கத்தான் அத்தை அதற்குள் போய் வந்திருக்கிறார்.

டீச்சர் எழுந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒன்று உண்டு: விடையைப் பார்த்துவிட்டு வழியைப் போடாதே. அதைத்தான் அவர் இன்று செய்திருந்தார்.

"சார், உடனே ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

"நடையா நடந்தாவது வருவேன். வண்டி இருக்கா?"

*

ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நீண்ட மேஜை. அதன் தலைப்பக்கம் நீதிபதி. ஒருபக்கம் சர்ஜன், கடிகாரத்தைப் பார்த்தபடி. எதிரே மகன். வாசலுக்குப் பக்கத்தில், மேஜையில் இடமிருந்தும் சுவரோரமாக அத்தை.

பார்ட்னர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எல் போர்டைச் சொன்னபோது நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். 'கால் போகட்டும், நான் போக மாட்டேன்' என்றபோது சர்ஜன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

அடுத்து டீச்சர் எழுந்தார்.

"இந்தம்மா மேல இன்னிக்கு நான் ஒரு சந்தேகத்தைச் சொன்னேன். அது தப்பு. ஒளிஞ்சு வந்தது உண்மை. புண்ணுக்குக் கட்டுப் போட வந்திருக்காங்க. நான் கேக்கவே இல்லை, தீர்ப்புச் சொல்லிட்டேன். அவங்க மனு நிக்கணும்."

அத்தை நிமிரவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று நீதிபதி மகனைக் கேட்டார். "இப்பவும் ஆட்சேபனை இருக்கா?"

மகன் எழுந்தான். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா அன்னிக்குச் சொன்ன வார்த்தை நிஜம் மேடம். பொய் சொல்லலை. ஆனா நான் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினது அதுக்காக இல்லை."

"பின்னே?"

"வீட்டுல கொஞ்ச நாளா ஒரு வாடை. எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அப்பா கால்லேருந்துதான். நான் கேக்கலை. கேட்டா பார்க்கணும். பார்த்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், கூட இருக்கணும். கடை வேலை தலைக்கு மேல இருந்துச்சு. ரூம் ஸ்பிரே வாங்கிட்டு வந்து ஹால்ல அடிச்சேன். அப்பா சோபாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். 'நல்ல வாசனையா இருக்குடா'ன்னார்."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"காலை எடுத்தா அது என்னால போன கால். அப்பாவே போகணும்னு ஆசைப்பட்டார்னு வெச்சுக்கிட்டா, அதுல என் பங்குன்னு ஒண்ணும் இல்லை. அதுக்குத்தான் மேடம். ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றவன் நான்." அவன் உட்கார்ந்தான். "என்னை நியமிக்காதீங்க. அத்தையை நியமிங்க."

"நானும் லாயக்கில்ல," என்றார் அத்தை சுவரோரத்திலிருந்து.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "லாயக்கைப் பத்தி அப்புறம் சாவகாசமாப் பேசலாம். அவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அவர் என்ன விரும்பினார்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. தங்கையை அவசரக் காப்பாளரா நியமிக்கறேன். இந்த ஆபரேஷனுக்கும் இதோட சேர்ந்த சிகிச்சைக்கும் மட்டும். அவர் தானாப் பதில் சொல்ற நிலைக்கு வந்த நிமிஷம் இந்த அதிகாரம் முடிஞ்சுது. புரிஞ்சுதாம்மா?"

அத்தை தலையசைத்தார். சர்ஜன் ஏற்கெனவே எழுந்துவிட்டார்.

*

ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் ஒரு முனையில் அத்தை, மறுமுனையில் டீச்சர். தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று ரேடியோ பார்ட்னரையும் கூட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

டீச்சர் நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"அம்மா, உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மகன் முன்னாடி வேற. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலை."

"கேக்காதீங்க," என்றார் அத்தை. "ஒண்ணு சொல்லட்டுமா? என்னைத் திருடின்னு நீங்க நெனச்சது தெரிஞ்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்துக் கடையில எத்தனை வருஷம் நின்னவ நான். இந்த மாதிரிப் புண்ணோட யாராவது வந்தா, மருந்து கொடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போன்னு துரத்துவேன். அண்ணன் கால் தினமும் கறுத்துக்கிட்டு வர்றதைப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே கட்டுப் போட்டேன். ஏன் தெரியுமா? இத்தனை வருஷம் கழிச்சு அவர் என்னைக் கூப்பிட்டார். வெளியில சொன்னா மறுபடியும் பேச மாட்டாரோன்னு பயம். அவர் பேசறதுக்காக அவர் காலை விட்டுக் கொடுத்துட்டேன். நீங்க அப்படி நெனச்சதும், அப்பாடா, இந்தம்மாவுக்கு அது தெரியலைன்னு இருந்துச்சு. திருடின்னா எவ்வளவோ மேல்."

டீச்சர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நடுவில் பெஞ்சின்மேல் வைத்தார். அத்தை அதை எடுத்துக்கொண்டார்.

தியேட்டர் கதவு திறந்து சர்ஜன் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார். "தாங்கிட்டார். ராத்திரி தாண்டணும். ஆனா தாங்கிட்டார்."

*

மாஸ்டர் தாண்டினார். வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள் என்று வக்கீல் சொன்னதும் டீச்சரும் ரேடியோவும் பார்க்கப் போனார்கள். சாய்த்த கட்டிலில், வெளிறிப்போன முகத்தோடு அவர் இருந்தார். வலது பக்கம் போர்வை பாதியிலேயே தட்டையாகப் படிந்துவிட்டது. அத்தை தலைமாட்டில் நின்றிருந்தார். மகன் அறைக்கு வெளியே, கதவோரம். உள்ளே போக அவனுக்குக் கால் வரவில்லை.

சர்ஜன் அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். "தையல்ல ஒரு ஓரம் சரியா ஆறலை. திறந்து சுத்தம் பண்ணி மறுபடி தைக்கணும். சின்ன வேலைதான். உங்க சம்மதம் வேணும்."

அத்தை வாயைத் திறந்தார்.

"என்னைக் கேளுங்க," என்றது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்டர் சர்ஜனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் உடம்பு. என்னைக் கேளுங்க."

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர் பேர் கேட்டார், எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறதா என்றார். பிறகு என்ன செய்யப் போகிறார், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று முதலிலிருந்து சொன்னார். மாஸ்டர் இரண்டு கேள்வி கேட்டார். அப்புறம், "சரி, பண்ணுங்க," என்றார். அத்தை கட்டிலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். அவருடைய வேலை முடிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போனப்புறம் தினம் கட்டு மாத்தணும். யார் பண்ணுவீங்க?" என்றார் சர்ஜன்.

"நான்," என்றான் மகன் வாசலிலிருந்து.

அவன் உள்ளே வந்தான். நர்ஸ் போர்வையை விலக்கிக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்டரின் கை அவசரமாகப் போர்வையைத் தேடியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ எதுக்குடா? வெளியில இரு. இதெல்லாம் பார்க்காத."

போர்வையைப் பிடித்த அந்தக் கையை மகன் பிடித்தான்.

"மூடாதீங்கப்பா."

ரேடியோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீச்சர் வெளியே வந்தார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அதற்குமுன் அவர் பார்த்தார். நர்ஸ் கடைசிச் சுற்றையும் பிரித்துவிட்டாள். மகன் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.